ரிங் ஃப்ளாஷ் எதற்கு? ஃபிலிமில் க்ளோஸ்-அப் எடுப்பவர் பணத்தை எங்கே போட வேண்டும்

திருவான்மியூர் கடற்கரையில் விடுமுறை நாள் காலையில் நடக்கப் போகிறவர்கள் இப்போது அவ்வப்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். மணலில் முழங்கால் ஊன்றி, நண்டு வளை ஒன்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர் காத்திருப்பார். கையில் இருப்பது தாத்தா வைத்திருந்த நிக்கானோ பென்டாக்ஸோ. வார நாட்களில் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர், வாரக் கடைசியில் ஃபிலிம் ரோலுக்குத் திரும்பியிருக்கிறார்.

ஃபிலிமில் தெருவையும் முகத்தையும் எடுப்பது ஒரு மாதிரி. பூச்சி, நண்டு, செம்பருத்தி மொட்டு என்று நெருங்கிப் போய் எடுப்பது வேறு மாதிரி. இங்கே ஃப்ளாஷ் இல்லாமல் பெரும்பாலும் வேலை நடக்காது. எடுத்த படத்தைப் பார்க்கத் திரையும் கிடையாது. ஒரு கலர் ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. 36 படங்களில் 30 கறுத்தோ வெளுத்தோ வந்தால் ஒரு மாத உற்சாகம் போச்சு. அதனால்தான் பலரும் பதறிப்போய் முதல் செலவாக ஒரு ரிங் ஃப்ளாஷ் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தேவையில்லாத செலவு. அதே பணத்தில் ஒரு சாதாரண பழைய ஃப்ளாஷ், ஒரு கேபிள், ஒரு பிராக்கெட், ஒரு சோதனை ரோல் எல்லாமே முடிந்துவிடும். படமும் நன்றாக வரும்.

ஏன் என்று புரிய, கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

வெளிச்சம் எங்கே போகிறது?

ஒரு பொருள் ஃபிலிமில் அதன் உண்மையான அளவிலேயே விழுந்தால் அதை 1:1 என்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் நீள எறும்பு, ஃபிலிமிலும் ஒரு சென்டிமீட்டர். இந்த அளவில் எஃப் 11 வைத்து எடுத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.3 மி.மீ.தான். எறும்பின் கண் தெளிவாக இருந்தால் பின்னங்கால் மங்கும். ஆகவே துளையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் அங்கே முடியவில்லை. லென்ஸ் ஃபிலிமிலிருந்து விலக விலக வெளிச்சம் குறையும். கணக்கு எளிது: லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணை, உருப்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 1:1ல் உருப்பெருக்கம் 1, கூட்டினால் 2. அப்போது எஃப் 11 என்று வைத்தது, வெளிச்சத்தைப் பொறுத்தவரை எஃப் 22 போல நடந்துகொள்ளும். இரண்டு ஸ்டாப் காணாமல் போகிறது. எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டவரின் முதல் ரோல் இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைக்காரர் கெமிக்கலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதற்காகப் பெரிய ஃப்ளாஷ் வேண்டுமா என்றால், இல்லை. ஃப்ளாஷின் பலத்தைக் கைடு நம்பர் என்ற எண்ணால் சொல்கிறார்கள். அதைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100க்கு, மீட்டர் கணக்கில், கைடு நம்பர் 20 உள்ள ஒரு சின்ன ஃப்ளாஷை எடுத்துக்கொள்வோம். அதை எட்டில் ஒரு பங்கு பலத்துக்கு இறக்கினால் கைடு நம்பர் ஏறத்தாழ 7 ஆகிறது. பூச்சியிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் வைத்தால் 7ஐ 0.3ஆல் வகுக்க வேண்டும். விடை 23 சொச்சம். அதாவது எஃப் 22. மேலே சொன்ன 1:1 படத்துக்குத் தேவையானதும் அதுதான். முன்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்து ஒளியை மென்மையாக்கினால் இரண்டு ஸ்டாப் போகும் என்று வைத்துக்கொண்டாலும் பாதி பலமே போதும். ஃபிலிம் 200 ஐஎஸ்ஓ என்றால் கால் பலம்.

கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர் வைத்திருக்கும் பெரிய ஃப்ளாஷ் இங்கே வெறும் கனம். உண்மையில் தேவைப்படுவது பலத்தைக் குறைக்கும் வசதி. முழு பலம் மட்டும்தான் என்று ஒரு ஃப்ளாஷ் சொன்னால் க்ளோஸ்-அப்புக்கு அது லாயக்கில்லை. பழைய விவிட்டார் 285ல் முழு பலம், அரை, கால், பதினாறில் ஒன்று என்று நான்கு படிகள் உண்டு. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதற்கு மரியாதை இருக்கிறது. இன்று புதிதாக வரும் மலிவான மேனுவல் ஃப்ளாஷ்களில் இன்னும் நுட்பமான படிகள் கிடைக்கின்றன. பலத்தைக் குறைக்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. ஒளி வெட்டும் நேரம் மிகவும் சுருங்கிவிடும். கை நடுக்கமும், இலையின் ஆட்டமும் படத்தில் விழாது.

பல் மருத்துவர் கருவி

ரிங் ஃப்ளாஷ் தவறான கருவி என்று சொல்ல முடியாது. அது வேறு ஒரு வேலைக்குப் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லெஸ்டர் டைன் அதைப் பல் மருத்துவப் படங்களுக்காக உருவாக்கினார். வாய்க்குள் நிழல் விழாமல் எல்லாப் பல்லும் தெரிய வேண்டும். லென்ஸைச் சுற்றி வட்டமாக விளக்கு வைப்பதைவிட அதற்கு நல்ல வழி இல்லை. 1962ல் நிக்கான் கொண்டுவந்த 200 மி.மீ. மெடிக்கல் நிக்கோர் லென்ஸில் ரிங் ஃப்ளாஷ் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. பெயரே சொல்கிறது, யாருக்காக என்று.

மருத்துவருக்கு வரம் எதுவோ, பூச்சி எடுப்பவருக்கு அதுவே குறை. நிழல் இல்லாவிட்டால் உருவம் தட்டையாகும். முசுறு எறும்பின் உடலில் இருக்கும் மேடு பள்ளம், செம்பருத்தி இதழின் நரம்பு, நண்டு ஓட்டின் சொரசொரப்பு எல்லாம் நிழலால்தான் தெரிகின்றன. போதாக்குறைக்கு வண்டின் பளபளப்பான முதுகிலும், குதிக்கும் சிலந்தியின் கண்ணிலும் ஒரு வெள்ளை வளையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வளையத்தை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு படத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. நாணயம், தபால்தலை, தோல் நோய், பல் என்று தட்டையாகப் பதிவு செய்ய வேண்டியவற்றுக்கு ரிங் ஃப்ளாஷ் இருக்கட்டும்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. ரீல்ஸ் எடுக்கப் பயன்படும் எல்இடி ரிங் லைட்டும் ரிங் ஃப்ளாஷும் ஒன்றல்ல. இணையக் கடைகளில் தேடினால் இரண்டும் கலந்தே வரும். எல்இடி விளக்கு தொடர்ந்து எரிவது. எஃப் 22க்கும் 100 ஐஎஸ்ஓவுக்கும் அதன் வெளிச்சம் சோளப்பொரி. இருட்டில் ஃபோகஸ் செய்ய ஒரு சின்ன எல்இடி டார்ச் மட்டும் பையில் இருந்தால் நல்லது, ஏனென்றால் 1:1ல் வியூஃபைண்டரும் இருண்டுவிடும்.

ஃப்ளாஷை கேமரா தலையிலிருந்து இறக்குங்கள்

50 மி.மீ. லென்ஸில் 1:1 போகும்போது பூச்சி லென்ஸுக்கு ஒரு சாண் தூரம்கூட இருக்காது. ஃப்ளாஷ் கேமராவின் தலையில் இருந்தால் ஒளி பூச்சிக்கு மேலாகப் பறந்துவிடும். விழுகிற கொஞ்சமும் லென்ஸின் நிழலில் மாட்டும். ஆகவே உண்மையான முதல் செலவு ஒரு சிங்க் கேபிளும் எல் வடிவ பிராக்கெட்டும்தான். கேபிள் வழியாக ஃப்ளாஷை லென்ஸின் முனைக்குப் பக்கத்தில், சற்று மேலே, ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்த வேண்டும். பிராக்கெட் கடையில் கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் ஓர் அலுமினியப் பட்டை வாங்கி வளைத்து இரண்டு துளை போட்டால் முடிந்தது. கேமரா அடியில் இருக்கும் திருகுத் துளை கால் அங்குல அளவு. அதற்கேற்ற போல்ட் நீளமாக இருந்து உள்ளே இடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படி வீட்டில் ஒட்டுப் போட்டுக் கருவி செய்வது சென்னைக்குப் புதிதல்ல. மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கருவியை அமைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவரது படங்கள் 2006ல் ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்ற நூலாக வந்தபோது, தொகுத்தவர்களில் ஒருவர் டி.என்.ஏ. பெருமாள். 2017ல் பெங்களூரில் மறைந்த பெருமாள், ஃபிலிம் காலத்தில் இரவு விலங்குகளை ஃப்ளாஷில் எடுப்பதில் பேர் போனவர். இரண்டு பேர் கையிலும் இன்றைய கடைகளில் தொங்கும் சாமான்களில் பத்தில் ஒன்றுகூட இருந்திருக்காது.

அடுத்தது டிஃப்யூசர். சூரியன் ஏன் கடுமையான நிழல் போடுகிறது? பெரியதுதான், ஆனால் தொலைவில் சின்னப் புள்ளியாகத் தெரிகிறது. ஃப்ளாஷும் அப்படியே. பூச்சியின் பக்கம் இருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு மென்மையான நிழல். பட்டர் பேப்பர் ஒன்றை வளைத்து ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவில், பூச்சிக்குக் கிட்டே கொண்டுவந்தால் போதும். பால் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவின் அடிப்பாகமும் நன்றாக வேலை செய்யும். மஞ்சள் சாயல் இல்லாத டப்பாவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலர் ஃபிலிம் காட்டிக்கொடுத்துவிடும். மறுபக்கம் ஓர் உள்ளங்கை அளவு வெள்ளைத் தெர்மோகோலை வைத்தால் நிழலுக்குள்ளும் விவரம் தெரியும். இரண்டாவது ஃப்ளாஷ் வாங்கும் யோசனையை இந்தத் தெர்மோகோல் துண்டு பல மாதங்களுக்குத் தள்ளிப்போடும்.

தூரத்தில் மட்டும் கவனம் தேவை. 20 செ.மீ.யிலிருந்து 28 செ.மீ.க்கு ஃப்ளாஷ் நகர்ந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும். கல்யாண மண்டபத்தில் எட்டு சென்டிமீட்டர் ஒரு விஷயமே இல்லை. இங்கே அது ஒரு முழு ஸ்டாப். கையில் பிடிக்காமல் பிராக்கெட்டில் பூட்டச் சொல்வது இதனால்தான். இதே விதிதான் பின்னணியையும் கறுப்பாக்குகிறது. பட்டப்பகலில் எடுத்த பட்டாம்பூச்சி நள்ளிரவில் எடுத்ததுபோல் வந்தால், அதற்குப் பின்னால் ஓர் அடி தூரத்துக்குள் ஓர் இலையைக் கொண்டுவந்தாலே பச்சை தெரியும்.

பழைய கேமராவும் சென்னை வெயிலும்

டிஜிட்டலில் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் ஷட்டர் வேகம். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1 மூன்றிலும் ஃப்ளாஷுடன் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச வேகம் 1/60 நொடி. நிக்கான் எஃப்எம்10ல் 1/125. எஃப்இ2ல் 1/250. அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி இருட்டுப் பட்டையாக வரும்.

இதில் 1/60 கேமராக்காரருக்குச் சென்னை வெயில் ஒரு தனிப் பிரச்சினை. உச்சி வெயிலில், 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில், 1:1ல், லென்ஸை எஃப் 16 வரை சுருக்கினாலும் வெயில் ஒரு ஸ்டாப் மட்டுமே பின்தங்கியிருக்கும். அதாவது ஃப்ளாஷ் ஒரு படத்தையும், வெயில் அதன் மேல் இன்னொரு மங்கலான படத்தையும் பதிக்கும். பூச்சி கொஞ்சம் அசைந்தாலும் அதற்கு ஒரு பேய் நிழல் முளைத்துவிடும். 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டால் நிலைமை இன்னும் மோசம். காலை ஏழு மணிக்கு முன், மாலையில், அல்லது மர நிழலில் எடுப்பதுதான் விடை. குடையைப் பிடித்துப் பூச்சிக்கு நிழல் தருபவர்களும் உண்டு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், படம் நன்றாக வரும்.

சில கேமராக்களில் எக்ஸ் என்றும் எஃப்பி அல்லது எம் என்றும் இரண்டு துளைகளோ ஒரு மாற்றியோ இருக்கும். மற்றவை பழைய பல்பு ஃப்ளாஷுக்கு. எலெக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு எக்ஸ் மட்டும்தான். தவறான துளையில் செருகி ஒரு ரோல் முழுவதும் வெறும் கறுப்பாக வந்த கதைகள் ஏராளம்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம், கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்பவருக்கு டிடிஎல் உண்டு. 1975ல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, ஃபிலிமின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, போதும் என்றதும் ஃப்ளாஷை நிறுத்தியது. டியூப் போட்டதால் ஏற்படும் இழப்பும் அந்த அளவிலேயே அடங்கிவிடுவதால் க்ளோஸ்-அப்புக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் இன்றைய டிஜிட்டல் டிடிஎல் வேறு மொழி பேசுகிறது. புது டிடிஎல் ஃப்ளாஷை அதிக விலை கொடுத்து வாங்கிப் பழைய கேமராவில் மாட்டினால் பெரும்பாலும் மேனுவலாகத்தான் ஓடும். நிக்கானின் எஸ்பி-800 போல இரண்டு மொழியும் தெரிந்த சில பழைய மாடல்களே விதிவிலக்கு. தன் கேமராவில் டிடிஎல் இருக்கிறதா என்று தெரியாதவர் அதற்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

நெருங்கிப் போகும் சாமான்களில் எது? தனி மேக்ரோ லென்ஸ் சிறந்தது, விலையும் அப்படி. எக்ஸ்டென்ஷன் டியூபில் கண்ணாடி கிடையாது, கெட்டுப்போக எதுவுமில்லை, 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் போட்டால் பாதி அளவு வரை போகலாம், அதுவே நண்டுக்குத் தாராளம். லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் மலிவுதான், ஆனால் லென்ஸின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடற்கரையில் உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் அதைத் திறந்து வைப்பது விபரீதம்.

பழையது வாங்கும்போது

பழைய ஃப்ளாஷில் இரண்டு ஆபத்து. முதலாவது, சில பழைய மாடல்கள், குறிப்பாக ஆரம்பகால விவிட்டார் 283 போன்றவை, கேமராவின் தொடுமுனைக்குச் சில நூறு வோல்ட் வரை அனுப்பக்கூடியவை. முழுக்க மெக்கானிக்கலான பழைய கேமரா பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். எலெக்ட்ரானிக் ஃபிலிம் கேமராவும் டிஜிட்டல் கேமராவும் தாங்காது. ரேடியோ டிரிகர் ஒன்றை நடுவில் போட்டால் கேமரா தப்பும், ஆனால் அந்த டிரிகர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர். பேட்டரியை எடுத்த பிறகும் அதில் 300 வோல்ட்டுக்குக் கிட்டே தேங்கி நிற்கலாம், உயிருக்கே ஆபத்து. யூடியூப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் இடம் இது இல்லை.

கடையில் நிற்கும்போதே புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எத்தனை நொடியில் எரிகிறது என்று பார்க்கலாம். பேட்டரி அறையில் பச்சைப் பொடி படிந்திருந்தால் விலகிவிடுவது நல்லது. கடலோர வீடுகளில் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஃப்ளாஷ்களில் இது சகஜம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது திருவான்மியூர் போன்ற இடங்களில் கட்டாயம். லென்ஸில் பூஞ்சை பிடிப்பதற்கும் இதே மருந்துதான். கேபிள், பேட்டரி, சார்ஜர் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

பிறகு சோதனை ரோல். கைடு நம்பர் கணக்கு இவ்வளவு கிட்டத்தில் அப்படியே பொருந்தாது, டிஃப்யூசர் எவ்வளவு தின்கிறது என்பதும் டப்பாவுக்கு டப்பா மாறும். ஒரே பொருள், ஒரே தூரம்; ஃப்ளாஷ் பலத்தை மட்டும் படிப்படியாக மாற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வேண்டும். நண்பரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தால் அதே ஐஎஸ்ஓ, அதே துளை, அதே உருப்பெருக்கம் வைத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் கூடுதலாகப் போனால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ஸ்லைடு ஃபிலிம் இரண்டையும் பொறுக்காது. அதனால் பழகும்வரை நெகட்டிவ்தான். கிடைத்த விடையை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஃப்ளாஷின் முதுகிலேயே ஒட்டிவிட்டால் கடற்கரையில் கால்குலேட்டர் தேட வேண்டியதில்லை.

எப்போது அணைத்து வைக்க வேண்டும்?

ஜனவரியில் தொடங்கி கோடை வரை, இதே திருவான்மியூர் மணலில் இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. 1988ல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஏறிவரும் தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நம்பி நடப்பவை. கரைப்பக்கத் தெரு விளக்குகளே அவற்றை ஏற்கெனவே ரோட்டுப் பக்கம் இழுக்கின்றன. ஆமை நடைகளில் ஃப்ளாஷுக்கு அனுமதி இல்லை. பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் என்பதால் அதைத் தொந்தரவு செய்வது சட்டச் சிக்கலும்கூட.

“ஒரே ஒரு ஷாட்தான்” என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நடையில் ஐம்பது பேர் வந்தால் அது ஐம்பது ஷாட். நண்டை அதே இரவில் எடுக்க ஆசைப்படுபவரும் அந்த மாதங்களில் ஃப்ளாஷைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பது நல்லது. அவர் வெட்டும் வெளிச்சம் பத்தடி தள்ளி மணலுக்கு அடியிலிருந்து எது வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விடிந்த பிறகு நண்டு அங்கேயேதான் இருக்கும்.